எதிரணி என்னும் ஆசான்

நுழையும்முன்

போர்த்தொழில் பயிலும் இளைஞர்கள் சதுரங்கப் பலகையின் முன் அமர்கிறார்கள். ஒரு கல்லூரியின் அணி மற்றொரு கல்லூரியின் அணியை வெல்ல முயல்கிறது. நாளை ஒரே கொடியின்கீழ்ப் பணியாற்றப்போகும் இவர்களுக்கு இப்போட்டி எதைக் கற்றுத்தருகிறது? எதனைக் கற்றுத்தர இயலாது? இவ்விரு வினாக்களுக்கும் வரலாற்றின் துணையோடு விடை தேடுகிறது இப்பாடம்.

ஆற்றங்கரைக் கல்லூரிகள்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரையில் அமைந்துள்ளது வெஸ்ட்பாயிண்ட் இராணுவப் பயிற்சிக் கல்லூரி. தரைப்படைக்கு அதிகாரிகளை உருவாக்கும் அக்கல்லூரி 1802ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. மேரிலாந்து மாநிலத்தில், செவர்ன் ஆறு செசபீக் விரிகுடாவைச் சேரும் இடத்தில் அனாபொலிஸ் நகரம் உள்ளது. கடற்படை அதிகாரிகளைப் பயிற்றும் கல்லூரி அங்கு 1845இல் தொடங்கப்பெற்றது. காலத்தால் இளையது வான்படைக் கல்லூரி. 1954இல் சட்டத்தின் வழியே உருவான அது, கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்கு அருகே ராக்கி மலைத்தொடரின் அடிவாரத்தில் நிலைபெற்றது.

இக்கல்லூரிகளுக்கிடையே நிலவும் போட்டியுணர்வு உலகறிந்தது. தரைப்படைக் கல்லூரியும் கடற்படைக் கல்லூரியும் 1890ஆம் ஆண்டு வெஸ்ட்பாயிண்டில் முதன்முதலாக அமெரிக்கக் கால்பந்து ஆடின. அவ்வாட்டத்தில் கடற்படை அணி 24-0 என்ற கணக்கில் வென்றது. அன்று தொடங்கிய போட்டி இன்றுவரை தொடர்கிறது. ஆட்டம் முடிந்ததும் அங்கு ஒரு வழக்கம் உண்டு. இரு அணியினரும் சேர்ந்து சென்று, முதலில் தோற்ற கல்லூரியின் மாணவர்முன் நின்று அக்கல்லூரியின் பாடலைப் பாடக் கேட்பர். அதன்பின் வென்ற கல்லூரியின் மாணவர்முன் செல்வர். தம் பாடல் இரண்டாவதாக ஒலிக்க வேண்டும் என்பதே இரு கல்லூரி மாணவர்களின் வேட்கை. எனினும் தோற்றவரின் பாடலுக்கு வென்றவர் தலைதாழ்த்தி நிற்காமல் எவரும் களத்தைவிட்டு அகல்வதில்லை.

இக்கல்லூரிகளில் சதுரங்கக் கழகங்களும் இயங்குகின்றன. அங்கு ஆரவாரம் இல்லை, முரசொலி இல்லை. இரு வரிசையாக இடப்பட்ட மேசைகளும் கடிகாரங்களின் மெல்லிய ஒலியும்தான் உண்டு. ஆயினும் போட்டியுணர்வு சற்றும் குறைந்ததன்று. கல்லூரிப் பருவத்தில் முளைக்கும் இவ்வுணர்வு பணிக்காலத்திலும் தொடர்கிறது. அமெரிக்கப் படைப்பிரிவினருக்கெனத் தனிச் சதுரங்கப் போட்டி 1960ஆம் ஆண்டு தொடங்கியது. நேட்டோ கூட்டமைப்பு நாடுகளின் படையினருக்கான போட்டி 1989இல் ஜெர்மனியில் தொடங்கியது. துப்பாக்கியும் கப்பலும் வானூர்தியும் கையாளும் தொழிலுக்கு ஆயத்தமாவோர் மரக்காய்களின்மீது இத்துணை நாட்டம் கொள்வது ஏன்?

நால்வகைப் படை

யானை, தேர், குதிரை, காலாள் எனப் படையை நால்வகையாகப் பகுத்துரைப்பது நம் இலக்கியங்களில் பயின்றுவரும் வழக்கு. நான்கு உறுப்புகளை உடையது என்னும் பொருள்தரும் ‘சதுரங்கம்’ என்ற வடசொல்லும் அப்படையையே குறித்தது. ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டளவில் இந்தியாவில் வழங்கிய பலகை விளையாட்டு ஒன்று அப்பெயரைத் தாங்கியிருந்தது. அது பாரசீகத்திற்குச் சென்று ‘சத்ரங்’ எனவும், அரபு நாடுகளில் ‘ஷத்ரஞ்ச்’ எனவும் வழங்கி, பின்னர் ஐரோப்பாவை அடைந்தது.

செல்லும் வழியில் காய்களின் உருவும் பெயரும் மாறின. தேர் கோட்டையாயிற்று. யானை, ஆங்கில வழக்கில் சமயத் தலைவராயிற்று. அரசனின் அருகில் நின்ற அமைச்சர் அரசியாக மாறினார். உருசிய மொழியிலோ அந்தச் சமயத் தலைவருக்கு இன்றும் யானை என்றே பெயர். நாமோ மூலையில் நிற்கும் கோட்டைக் காயை யானை என்கிறோம். பெயர்கள் எவ்வாறு மாறினாலும், படை என்னும் அடிப்படை மாறவில்லை. அரசனைக் காத்தலும் மாற்றரசனை முற்றுகையிடலுமே இன்றும் ஆட்டத்தின் நோக்கம்.

போரின் சாயலில் பிறந்த விளையாட்டு என்பதால், போர்த்தொழில் பயில்வோர்க்கு இது பயன்படும் எனக் கருதுவது இயல்பே. ஆனால் சாயல் வேறு, உண்மை வேறு. சதுரங்கத்தில் இருதரப்புக்கும் படைவலிமை சமம். எதிரியின் காய் ஒவ்வொன்றும் கண்முன் நிற்கிறது. ஒருவர் நகர்த்தி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கிறார். மழையோ சேறோ பசியோ நோயோ பலகையில் இல்லை. வலிமை ஒன்றையே பொருளாகக் கொண்டு இருபடையும் குறித்த களத்தில் எதிர்நின்று பொருவதைத் தும்பை என்றனர் பண்டைத் தமிழர். சதுரங்கம் அத்தகையதொரு தூய தும்பைக் களம். மெய்யான போர்கள் பெரும்பாலும் அவ்வாறு அமைவதில்லை. இக்குறையை முதலில் உணர்ந்து மாற்று தேடியவர்கள் ஜெர்மானிய நிலப்பகுதியைச் சேர்ந்தவர்கள்.

பலகை நிலப்படமாயிற்று

பிரன்சுவிக் நகரில் கணிதம் கற்பித்த ஹெல்விக் என்பவர், 1780ஆம் ஆண்டு புதியதொரு போர் விளையாட்டை வெளியிட்டார். சதுரங்கத்தை அடிப்படையாகக் கொண்ட அவ்விளையாட்டில் அறுபத்து நான்கு கட்டங்களுக்கு மாறாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள் இருந்தன. மலை, நீர்நிலை, சதுப்புநிலம் முதலியவற்றைக் கட்டங்களின் வண்ணங்கள் உணர்த்தின. பீரங்கிகளும் காய்களாயின. போர்க்கலை பயிலும் இளைஞர்கள் விளையாட்டின் வழியே அதன் விதிகளை உணர வேண்டும் என்பதே அவருடைய நோக்கம்.

அதன்பின் பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்னும் தந்தையும் மகனும் இம்முயற்சியை மேலும் வளர்த்தனர். படை அதிகாரியாகிய மகன் 1824இல் வெளியிட்ட விளையாட்டில் கட்டங்களே இல்லை. நிலப்பரப்பைத் துல்லியமாகக் காட்டும் நிலப்படத்தின்மீது படைப்பிரிவுகளைக் குறிக்கும் சிறு கட்டைகள் நகர்ந்தன. ஒவ்வொரு சுற்றும் இரண்டு மணித்துளிக் காலத்தைக் குறித்தது. மோதலின் விளைவை முடிவுசெய்யப் பகடை உருட்டப்பட்டது. இருதரப்பிலும் அதிகாரிகள் அணிகளாக அமர்ந்து, தம் ஆணைகளை நடுவரிடம் அளித்தனர். எதிரிப்படை கண்ணுக்குப் புலப்படும் எல்லைக்குள் வந்தால் மட்டுமே நடுவர் அதனைப் படத்தின்மீது வைத்தார். இதனைப் பார்வையிட்ட பிரஷ்யத் தலைமைத் தளபதிப் பிரிவின் தலைவர் மியூப்ளிங், இது விளையாட்டன்று, போருக்கான பயிற்சியே என வியந்ததாக வரலாறு கூறுகிறது. 1866, 1870 ஆகிய ஆண்டுகளில் தொடங்கிய போர்களில் பிரஷ்யா பெற்ற வெற்றிகளுக்குப்பின் ஏனைய நாட்டுப் படைகளும் இத்தகைய பயிற்சியை மேற்கொண்டன.

ஆக, போர் உத்தியைக் கற்பிக்கும் கருவி என்ற நிலையிலிருந்து சதுரங்கம் விலகி நெடுங்காலமாயிற்று. அப்பணிக்கு அதனினும் பொருத்தமான பயிற்சிகள் வந்துவிட்டன. அங்ஙனமிருந்தும் படைப்பயிற்சி பெறுவோரிடையே சதுரங்கம் வழக்கொழியவில்லை. அது கற்பிப்பது உத்தியினும் வேறானது என்பதை உணர்ந்து செயற்பட்டவர்களுள் ஒருவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருசியாவில் வாழ்ந்தார்.

தெரிந்து தெளிவோம்

எதிரியின் காய்களைக் காணாமல் ஆடும் சதுரங்க வகை ஒன்று உண்டு. 1899இல் ஹென்றி மைக்கேல் டெம்பிள் என்னும் ஆங்கிலேயர் இதனை உருவாக்கினார். ஆடுவோர் இருவருக்கும் தனித்தனிப் பலகைகள்; இரண்டையும் அறிந்த நடுவருக்கு மூன்றாவது பலகை. ஒரு நகர்வு செல்லுமா, காய் வெட்டப்பட்டதா, அரசனுக்கு முற்றுகையா என்பவற்றை மட்டுமே நடுவர் அறிவிப்பார். மற்றவற்றை ஆடுவோர் உய்த்துணர வேண்டும்.

படைப்பயிற்சிக்குள் சதுரங்கம்

அலெக்சாண்டர் இலியின் ஷெனெவ்ஸ்கி முதல் உலகப்போரில் பங்கேற்ற படைவீரர். தேர்ந்த சதுரங்க ஆட்டக்காரர். குண்டு வெடிப்பின் அதிர்ச்சியில் அவர் நினைவாற்றல் பாதிக்கப்பட்டது. காய்கள் எவ்வாறு நகரும் என்பதையே அவர் மறந்துபோனார். தொடக்கநிலை மாணவரைப்போல அனைத்தையும் மீண்டும் கற்றார். அங்ஙனம் கற்றவர் 1925இல் மாஸ்கோ நகரில் நடைபெற்ற பன்னாட்டுப் போட்டியில், அன்றைய உலக வாகையர் கேபபிளாங்காவை வென்றார்.

உருசியப் புரட்சிக்குப்பின், மக்கள் அனைவருக்கும் படைப்பயிற்சி அளிக்கும் துறையில் அவர் பொறுப்பேற்றார். படையில் சேரவிருக்கும் இளைஞர்களுக்கான பயிற்சித் திட்டத்தில் உடற்பயிற்சியும் விளையாட்டும் இடம்பெற்றிருந்தன. அவற்றோடு சதுரங்கத்தையும் சேர்க்க வேண்டும் என அவர் வாதிட்டார். துணிவு, இடரிலும் கலங்காமை, மனவுறுதி, தொலைநோக்கு முதலிய பண்புகளைச் சதுரங்கம் வளர்க்கும் என்பதே அவர் காட்டிய காரணம். அவர் வலியுறுத்தியவை பெரிதும் மனப்பண்புகளாக இருத்தல் நோக்கத்தக்கது. எப்படையை எங்கு நிறுத்துவது என்பதைப் பலகை கற்பிக்காது. இக்கட்டில் நிற்பவர் மனம் எவ்வாறு இயங்க வேண்டும் என்பதைக் கற்பிக்கக்கூடும் என்பதே அவர் கருத்தின் சாரம்.

1920ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் முன்னின்று மாஸ்கோவில் அனைத்து உருசியச் சதுரங்கப் போட்டியை நடத்தினார். உள்நாட்டுப் போரும் உணவுப் பஞ்சமும் நாட்டை வாட்டிய காலம் அது. ஆட்டக்காரர்களைக் கண்டறிந்து அனுப்புமாறு படைவட்டங்களுக்கு ஆணைகள் சென்றன. வந்து சேர்ந்தவர்கள் பசியோடு ஆடினர். உணவுப் பங்கீட்டை உயர்த்தினாலன்றித் தொடர இயலாது என இடையில் முறையிடவும் செய்தனர். அப்போட்டியில் முதலிடம் பெற்றவர் அலெக்கைன்; ஏழாண்டுகளுக்குப்பின் உலக வாகையரும் ஆனவர். அப்போட்டியே சோவியத் நாட்டின் முதல் சதுரங்க வாகையர் போட்டியாகப் பின்னர் ஏற்றுக்கொள்ளப்பட்டது. போர் சிதைத்த நினைவைச் சதுரங்கத்தால் மீட்டெடுத்த இலியின் ஷெனெவ்ஸ்கி, 1941இல் லெனின்கிராடு நகரைவிட்டு வெளியேறும் வழியில், லடோகா ஏரியில் நிகழ்ந்த வான்தாக்குதலில் உயிரிழந்தார்.

நான்கு பலகைகள், ஓர் அணி

சதுரங்கம் இருவர் ஆடும் ஆட்டம். அணியாக ஆடும்போது அதன் இயல்பே மாறிவிடுகிறது. 2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் நடைபெற்ற 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடில், ஒவ்வொரு சுற்றிலும் அணிக்கு நால்வர் ஆடினர். அணிப்போட்டிகளில் பெரிதும் பின்பற்றப்படும் முறை இதுவே. முதல் பலகை, இரண்டாம் பலகை என்ற வரிசை முன்னரே அறிவிக்கப்படும். ஓர் அணி முதலாம், மூன்றாம் பலகைகளில் வெள்ளைக் காய்களோடு ஆடினால், மற்ற அணிக்கு இரண்டாம், நான்காம் பலகைகளில் வெள்ளைக் காய்கள் கிட்டும். வெற்றிக்கு ஒரு புள்ளி, சமனுக்கு அரைப்புள்ளி. நான்கில் இரண்டரைப் புள்ளி பெற்ற அணி அச்சுற்றை வெல்லும்.

எளிய கணக்காகத் தோன்றும் இவ்விதியுள் பெரியதொரு சோதனை மறைந்துள்ளது. மூன்று பலகைகளில் ஆட்டம் முடிந்து, ஓர் அணி 2-1 என முன்னணியில் இருப்பதாகக் கொள்வோம். நான்காம் பலகையில் ஆடும் அவ்வணி வீரருக்குச் சற்றே மேலான நிலை. ஆனால் இடர் நிறைந்த நிலை. துணிந்து தாக்கினால் அழகிய வெற்றி கிட்டலாம்; பிழைத்தால் ஆட்டம் கைநழுவும். எதிராளி சமன் செய்துகொள்ளலாமா எனக் கேட்கிறார். தனித்து ஆடும் போட்டியாயின் அவர் மறுத்திருக்கக்கூடும். இங்கோ அரைப்புள்ளி கிடைத்தாலே அணி வென்றுவிடும். தம் பெயருக்குச் சேரவேண்டிய வெற்றியை விடுத்து, அவர் கைகுலுக்க வேண்டியிருக்கிறது. இதற்கு மாறான நிலையும் உண்டு. அணி 1-2 எனப் பின்தங்கியிருக்கும்போது, எளிதில் சமனாகக்கூடிய நிலையில் உள்ளவர், தோல்வி நேரலாம் என அறிந்தும் வெற்றிக்காகத் தொடர்ந்து போராட வேண்டியவராகிறார். அவர் தோற்றால் தோல்விக் கணக்கு அவர் பெயரில்தான் எழுதப்படும்.

முதல் பலகையில் அமர்பவரின் பொறுப்பு இதனினும் கடினமானது. சுற்றுதோறும் எதிரணியின் தலைசிறந்த ஆட்டக்காரரை அவரே எதிர்கொள்கிறார். அவர் பெறும் புள்ளிகள் குறைவாக இருக்கலாம். ஆனால் அவர் வலியாரைத் தாங்கி நிற்பதனாலேயே ஏனைய மூவருக்கும் வெல்லத்தக்க எதிராளிகள் வாய்க்கின்றனர். புள்ளிப்பட்டியலை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த உழைப்பு புலப்படாது.

அணித்தலைவருக்கும் விதிகள் எல்லை வகுத்துள்ளன. சமன் செய்யலாம், சமனை ஏற்கலாம், தோல்வியை ஒப்புக்கொள்ளலாம் என்ற அளவில் மட்டுமே அவர் தம் வீரருக்கு அறிவுரை கூறலாம். பலகையில் உள்ள நிலையைப் பற்றி ஒரு சொல்லும் உரைத்தல் கூடாது. அணிக்குத் தேவையானது யாது என்பதைத் தலைவர் உணர்த்துவார்; அதனை எவ்வாறு அடைவது என்பதை ஆடுபவரே முடிவுசெய்ய வேண்டும். பிரஷ்யப் படையில் தளபதி மோல்ட்கே வளர்த்த மரபும் இதனை ஒத்ததே. நோக்கத்தை மேலதிகாரி தெரிவிப்பார். களத்தில் நிற்கும் அதிகாரி சூழலுக்கேற்ற வழியைத் தாமே தெரிவுசெய்வார். நாளை ஆணையிடவும் ஆணைக்குக் கட்டுப்படவும் வேண்டிய இளைஞர்க்கு இவ்விரு நிலைகளையும் ஒருசேரப் பழக்கும் இடமாக அணிச்சதுரங்கம் அமைகிறது.

தொட்ட காயை நகர்த்தியாக வேண்டும் என்பது சதுரங்கத்தின் உறுதியான விதிகளுள் ஒன்று. கை நீளும்முன் எண்ணலாம். நீண்டபின் எண்ணிப் பயனில்லை. கடிகாரமும் ஓடிக்கொண்டிருப்பதால், எண்ணிக்கொண்டே இருக்கவும் இயலாது. குறித்த காலத்தில் முடிவெடுத்தல், எடுத்த முடிவின் விளைவைத் தாமே ஏற்றல் ஆகிய இரண்டையும் படை அதிகாரி ஒருவர் தம் பணிக்காலம் முழுவதும் செய்தாக வேண்டும்.

போர் குறுக்கிட்டபோது

விளையாட்டுப் போட்டிக்கும் போருக்கும் உள்ள இடைவெளியை 1939ஆம் ஆண்டு உலகம் ஒரே கூடத்தில் கண்டது. அர்ஜென்டினாவின் தலைநகர் புவனோஸ் ஐரிசில் எட்டாவது சதுரங்க ஒலிம்பியாடு அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கியது. 27 நாடுகளின் அணிகள் கடல்கடந்து வந்திருந்தன. தொடக்கச் சுற்றுகள் முடிந்த வேளையில், செப்டம்பர் முதல் நாள், ஜெர்மானியப் படை போலந்திற்குள் நுழைந்தது. இரண்டாம் உலகப்போர் மூண்டது.

ஜெர்மனி, போலந்து, பிரான்சு ஆகிய மூன்று நாடுகளின் அணிகளும் அக்கூடத்தில் இருந்தன. ஜெர்மனி அணி போலந்து அணியோடும் பிரான்சு அணியோடும் ஆடவேண்டிய சுற்றுகள் ஆடப்படாமலே 2-2 எனக் கணக்கில் சேர்க்கப்பட்டன. ஏனைய சுற்றுகள் தொடர்ந்தன. முடிவில் ஜெர்மனி 36 புள்ளிகளும் போலந்து 35½ புள்ளிகளும் பெற்றன. அரைப்புள்ளி வேறுபாட்டில் கோப்பை கைமாறியபோது, போலந்து வீரர்களின் நாடு தீக்கிரையாகிக்கொண்டிருந்தது.

பலர் தாயகம் திரும்பவில்லை. போலந்து அணியின் நஜ்டார்ப் அர்ஜென்டினாவிலேயே தங்கினார். ஜெர்மனி அணியினரும் தென் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டனர். 1943இல் நஜ்டார்ப் ரொசாரியோ நகரில், பலகையைக் காணாமல் ஒரே வேளையில் நாற்பது பேருடன் ஆடினார். அருஞ்செயலாகிய அச்செய்தி நாளேடுகள் வழியே போலந்தில் உள்ள தம் குடும்பத்தினரை எட்டும், அவர்கள் தம்மைத் தேடி வருவார்கள் என்று நம்பியதாக அவர் பின்னாளில் கூறினார். குடும்பத்தினரிடமிருந்து விடை வரவில்லை. அவர்கள் இனப்படுகொலைக்கு இரையாகியிருந்தனர்.

இங்கிலாந்து அணி தொடக்கச் சுற்றுகளோடு விலகித் தாயகம் திரும்பியது. அவ்வணியைச் சேர்ந்த அலெக்சாண்டர், மில்னர் பேரி, கோலம்பெக் ஆகிய மூவரும் பிளெட்ச்லி பார்க் என்னுமிடத்தில் எதிரியின் மறைமொழிச் செய்திகளை உடைக்கும் பணியில் சேர்ந்தனர். போதிய பணியாளர் இன்மையால் அப்பணி தடைப்பட்டபோது, கணித அறிஞர் டூரிங் முதலிய நால்வர் 1941 அக்டோபரில் தலைமை அமைச்சர் சர்ச்சிலுக்கு நேரடியாக மடல் எழுதினர். அலெக்சாண்டரும் மில்னர் பேரியும் அம்மடலில் கையொப்பமிட்டவர்கள். அதனை இலண்டனுக்கு நேரில் கொண்டுசென்று சேர்த்தவர் மில்னர் பேரி. வேண்டியன உடனே வழங்கப்பட்டன. பணிநெருக்கடிக்கிடையிலும் அவர்கள் சதுரங்கத்தைக் கைவிடவில்லை. 1944இல் பிளெட்ச்லி அணி ஆக்சுபோர்டு பல்கலைக்கழக அணியோடு 12 பலகைகளில் மோதி 8-4 என வென்றது. தம்மை வென்றவர்கள் பகற்பொழுதில் ஆற்றும் பணி யாதென்பதை அன்று வெளியார் எவரும் அறிந்திருக்க இயலாது.

சதுரங்கம் இவர்களுக்கு மறைமொழியைக் கற்பிக்கவில்லை. எதிரில் இருப்பவரின் மனத்துள் புகுந்து, அவர் அடுத்து யாது செய்வார் என எண்ணிப்பார்க்கும் பழக்கத்தைக் கற்பித்தது. தன் மறைமொழியை எவராலும் உடைக்க இயலாது என எதிரி இறுமாந்திருந்தான். எதிரியின் அறிவை இவர்கள் மதித்தனர். மதித்ததனாலேயே அதனை ஊடுருவ முயன்றனர்.

ஆட்டத்திற்குப் பின்

சதுரங்க ஆட்டம் முடிந்தபின் நிகழ்வது, ஆட்டத்தைப் போலவே கருதத்தக்கது. வென்றவரும் தோற்றவரும் எழுந்து சென்றுவிடுவதில்லை. காய்களை மீண்டும் அடுக்கி, எந்த இடத்தில் ஆட்டம் திசைமாறியது என இருவரும் சேர்ந்து ஆராய்கின்றனர். நகர்வுகள் அனைத்தையும் இருவரும் தாளில் குறித்துவைத்திருப்பதால், நடந்ததை மறைக்கவோ திரிக்கவோ வழியில்லை. ‘இந்தக் குதிரையை இங்கு வைத்திருந்தால் நான் தடுமாறியிருப்பேன்’ என்று வென்றவர் தம் அச்சத்தை வெளிப்படையாகக் கூறுகிறார். தன் அணித்தோழர் கண்டறிய இயலாத குறையை எதிரணியில் இருந்தவர் சுட்டிக்காட்டுகிறார். தோல்வி அப்பொழுது பாடமாகிறது.

படைப்பயிற்சிக் கல்லூரிகளுக்கு இது மிகவும் தேவையான பாடம். எதிரியை அறிவிலி எனக் கருதும் அதிகாரி தம் வீரர்களை அழிவுக்கு இட்டுச் செல்வார். தம் திட்டத்தில் பிழையே இராது என நம்புபவரும் அவ்வாறே. எதிரில் அமர்ந்திருப்பவர் தம்மளவு சிந்திக்கக்கூடியவர் என்பதை ஒவ்வொரு நகர்விலும் நினைவூட்டும் சதுரங்கம், அவ்விறுமாப்பை இளமையிலேயே களைய உதவுகிறது. தரைப்படைக் கல்லூரி மாணவர்க்குக் கடற்படைக் கல்லூரி மாணவரைக் காட்டிலும் தகுந்த எதிரணி அமைவது அரிது. இருவரும் ஒத்த அகவையினர், ஒத்த பயிற்சியினர். இன்று ஒருவர் எண்ணம் எவ்வாறு இயங்குகிறது என மற்றவர் கற்பது, நாளை கடலிலும் கரையிலும் இணைந்து பணியாற்றும்போது பயன் தரும்.

இதன் எல்லையையும் உணர்தல் வேண்டும். பலகையில் வெட்டுண்ட சிப்பாய் அடுத்த ஆட்டத்தில் தன் கட்டத்தில் மீண்டும் நிற்கும். களத்தில் வீழ்ந்தவர் மீள்வதில்லை. ஆட்டக்காரர் ஒரு சிப்பாயை ஈந்து வெற்றி பெறுவதைத் திறமை எனப் போற்றுகிறோம். மனிதரை அவ்வாறு எண்ணிப் பழகுதல் பெருந்தீங்கு. ஆகவே, ஆட்டத்தின் நகர்வுகளைக் களத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டியதில்லை. பொறுமை, கலங்காமை, அணிநலம் கருதி தன்னலம் ஒடுக்குதல், எதிராளியை மதித்தல் ஆகிய பண்புகளைக் கொண்டுசென்றால் போதும். அவற்றைப் பெறுவதற்குப் படையில் சேரவேண்டும் என்பதும் இல்லை. பள்ளியின் சதுரங்க அணியில் நான்காம் பலகையில் அமரும் மாணவருக்கும் அவை உரியனவே.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளி அணி 2-1 என முன்னணியில் உள்ளது. நான்காம் பலகையில் ஆடும் உங்களிடம் எதிராளி சமன் கேட்கிறார். நீங்கள் எடுக்கும் முடிவையும் அதற்கான காரணத்தையும் எழுதுக.

2. சதுரங்கத்திற்கும் மெய்யான போருக்கும் உள்ள வேறுபாடுகளைப் பட்டியலிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. வேறொரு விளையாட்டில் நீங்கள் தோற்ற ஆட்டம் ஒன்றை எண்ணிப் பார்த்து, எதிரணியினரிடமிருந்து கற்றுக்கொண்டதை ஒரு பக்க அளவில் எழுதுக.